எடை குறைந்த டிராக் காரில் சிறிய டிரெய்லர் இழுக்கலாமா?

கேள்வி இதுதான்: சுமார் 900 கிலோ எடையுள்ள, இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய டிராக் கார் ஒன்று இருக்கிறது. அதையே சாலையில் ஓட்டிக்கொண்டு பந்தயத் தடத்துக்குப் போய், அங்கே செமி ஸ்லிக் டயர் (பள்ளக்கோடுகள் குறைந்த, பந்தயத் தடத்துக்கான டயர்) மாட்டி ஓட்டிவிட்டு, மாலையில் சாலை டயரை மாட்டிக்கொண்டு வீடு திரும்ப வேண்டும். நான்கு சக்கரம், ஜாக்கி, கருவிப்பெட்டி, பெட்ரோல் கேன் எதற்கும் காரில் இடமில்லை. பின்னால் ஒரு குட்டி டிரெய்லரை மாட்டி இழுத்துப் போகலாமா? போகலாம் என்றால் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

போகலாம். மஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற கார்களின் பின்னால் நான்கு டயர் ஏற்றிய குட்டி டிரெய்லர் வருவது ஆட்டோகிராஸ் (நேரம் கணக்கிட்டுக் கார் ஓட்டும் போட்டி) நடக்கும் இடங்களில் புதிய காட்சியே இல்லை. ஆனால் இதை யோசிக்கிற பலரும் முதலில் எஞ்சினைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். இங்கே கடைசியாகக் கவலைப்பட வேண்டிய பொருள் எஞ்சின். மூன்று பெரிய ஆட்கள் கூடுதலாக ஏறின அளவு பாரம்தான். எந்த நவீன எஞ்சினும் அதை இழுத்துவிடும். இவ்வளவு இலேசான, வீல்பேஸ் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள தூரம்) குட்டையான ஒரு கார், பின்னால் ஒரு பாரம் தள்ளும்போது ஒழுங்காக நிற்குமா, நேராகப் போகுமா என்பதுதான் கேள்வி. கீழே சொல்லப்போகிற எல்லாம் அந்த ஒரு கேள்வியிலிருந்து வருபவைதான்.

முதலில் எடையைக் கணக்குப் போடுங்கள். 15 அங்குல அலாய் சக்கரம் ஒன்று டயரோடு 15 முதல் 18 கிலோ வரும். நான்கும் சேர்ந்து 60, 70 கிலோ. டிராலி ஜாக்கி 15 முதல் 25 கிலோ. கருவிப்பெட்டியை அடக்கி வைத்தால் 25 கிலோ. 20 லிட்டர் பெட்ரோல் சுமார் 15 கிலோ, கேன் தனி. மடக்குக் கூடாரமும் நாற்காலியும் சேர்த்தால் மொத்தச் சரக்கு 150 கிலோவைத் தொடும். டிரெய்லரின் சொந்த எடை 100, 120 கிலோ. ஆக, பின்னால் 260 கிலோ வருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

இந்த அளவு டிரெய்லர்களுக்குப் பெரும்பாலும் பிரேக் இருக்காது. காரும் ஓட்டுநரும் சேர்ந்து 980 கிலோ என்றால், காரின் நான்கு டயர்கள் இப்போது 1,240 கிலோவை நிறுத்த வேண்டும். டயரின் பிடி முழுவதையும் பயன்படுத்தி அவசரமாக நிறுத்தும்போது, நிற்க ஆகும் தூரம் ஏறக்குறைய கால் பங்கு கூடும். இதே டிரெய்லரை 550 கிலோ எடையுள்ள கேட்டர்ஹாம் என்ற குட்டி ஸ்போர்ட்ஸ் காரின் பின்னால் மாட்டினால் தூரம் 40 சதவீதம் கூடும். ஒரே டிரெய்லர்தான், கார் இலேசாக ஆக ஆக ஆபத்து கூடுகிறது. ஐரோப்பாவில் பல நாடுகளில் பிரேக் இல்லாத டிரெய்லருக்கு உச்சவரம்பு 750 கிலோ; பிரிட்டனில் காரின் வெற்று எடையில் பாதி அல்லது 750 கிலோ, இதில் எது குறைவோ அது. அந்தப் பாதிக் கணக்கு இந்த மாதிரி காருக்கு மிக அதிகம் என்பது என் கருத்து. பாரத்தோடு டிரெய்லரின் எடை, ஆள் ஏறிய காரின் எடையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. கால் பங்குக்குப் பக்கத்தில் நின்றால் நிம்மதி.

ஹிட்ச் (காரில் டிரெய்லரை மாட்டும் இணைப்பு) வாங்குவதற்கு முன் காரின் அடையாளத் தகட்டைப் பாருங்கள். ஐரோப்பிய முறைத் தகடுகளில் காரின் மொத்த எடை, காரும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடை, முன் அச்சு, பின் அச்சு எனத் தனித்தனி எண்கள் இருக்கும். சேர்ந்த எடை என்ற எண்ணே இல்லையென்றால், அந்தக் கார் இழுப்பதற்கு அனுமதிக்கப்படவில்லை என்று பொருள். டிராக் ஓட்டத்துக்கு என்றே பிறந்த கார்கள் பலவற்றுக்கும் இதுதான் நிலை. உங்கள் நாட்டுச் சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஹிட்ச் பொருத்துவதை எழுத்தில் சொல்லிவிடுங்கள். விபத்துக்குப் பிறகு இதை விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

ஹிட்சை எங்கே பொருத்துவது என்பது காருக்குக் கார் மாறும். எம்எக்ஸ்-5 இந்த விஷயத்தில் சுலபம். பின்பக்க எஃகுச் சட்டங்களின் முனையில், பம்பரின் குறுக்குச் சட்டம் போல்ட் போட்டு நிற்கிற இடத்திலேயே ஹிட்சையும் பிடிக்கலாம். அதற்கென்றே செய்த ஹிட்ச்களும் கிடைக்கின்றன. லோட்டஸ் எலீஸ் வேறு கதை. 1996இல் வந்த முதல் தலைமுறை எலீஸின் சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், அலுமினியக் குழல்களைப் பசையால் ஒட்டிச் செய்தது. சேஸிஸ் மட்டும் 68 கிலோதான். அந்தக் குழல்களில் துளை போடுவதைப் பற்றி நினைக்கவே கூடாது. அதன் பின்னால் போல்ட் போட்டு நிற்கிற எஃகுத் துணைச் சட்டம் (சப்ஃபிரேம்) தான் நமக்கு உதவும். அதிலும் ஏற்கெனவே இருக்கிற போல்ட் துளைகளை மட்டும் பயன்படுத்தி, இரண்டு பக்கமும் பாரம் பரவும்படி ஒரு தாங்கி செய்ய வேண்டும். கேட்டர்ஹாமில் பெட்ரோல் டேங்க் பின்கோடியில் இருக்கிறது. அந்தப் பக்கம் வெல்டிங் வைக்க வேண்டுமென்றால் டேங்கைக் கழற்றி எடுத்து, ஆவியை முழுக்க வெளியேற்றிய பிறகுதான். எந்தக் காராக இருந்தாலும், கெட்டுப்போன வண்டியைக் கட்டி இழுக்க வைத்திருக்கும் வளையத்தில், டிரெய்லர் வந்து மாட்டிக்கொள்ளும் உலோக உருண்டையான டிரெய்லர் பந்தைப் பொருத்தாதீர்கள். அது பெரும்பாலும் ஒரு ஓரத்தில் இருக்கும், நேர் இழுவைக்கு மட்டுமே ஆனது. டிரெய்லரோ கீழே அழுத்தும், மேலே தூக்கும், பிரேக் போட்டால் முன்னே தள்ளும், வளைவில் பக்கவாட்டில் திருகும். ஒரு குழியில் இறங்கி ஏறும்போது நின்ற நிலையில் இருக்கும் பாரத்தைவிடப் பல மடங்கு அந்த இடத்தில் விழும்.

நடுவில் எஞ்சின் உள்ள கார்களில் இன்னொன்று: புகைக்குழாய் பின்புறம் நடுவில் வெளியே வந்தால், அதன் சூடான காற்று நேரே கப்ளர் (பந்தின் மேல் உட்கார்ந்து பூட்டிக்கொள்ளும் டிரெய்லரின் முனை) மேலும் டிரெய்லர் ஒயர் மேலும் அடிக்கும். ஒயரை ஒதுக்கிக் கட்டுங்கள். பெட்ரோல் கேனை அந்தக் காற்று படும் இடத்தில் வைக்காதீர்கள்.

பந்தின் அளவும் கப்ளரின் அளவும் ஒன்றேதானா என்று கண்ணால் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். ஐரோப்பிய முறையில் 50 மில்லிமீட்டர். அமெரிக்க முறையில் சிறிய டிரெய்லர்களுக்கு ஒன்றேமுக்காலே அரைக்கால் அங்குலம், அதாவது 47.6 மில்லிமீட்டர், அடுத்த அளவு 2 அங்குலம், 50.8 மில்லிமீட்டர். பெரிய கப்ளரைச் சின்னப் பந்தில் உட்காரவைத்தால் பூட்டிக்கொண்டது போலவே தெரியும். சாலையில் ஒரு பெரிய மேடு வந்தால் தூக்கிக்கொண்டு கழன்றுவிடும். அதனால் பூட்டிய பிறகு, டிரெய்லரின் முன்னே நீண்டிருக்கும் இழுவைத் தண்டான டிராபாரைக் கையால் மேலே தூக்கிப் பாருங்கள். காரின் பின்பக்கம் சேர்ந்து எழும்பினால் சரி. சங்கிலியைக் கப்ளருக்குக் கீழே குறுக்காக மாட்டுங்கள். கழன்றாலும் டிராபார் தரையில் குத்தாமல் சங்கிலி தாங்கிக்கொள்ளும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். மாட்டுவண்டியில் சரக்கு ஏற்றுகிறவர்கள் முன்பாரம் பின்பாரம் பார்த்துத்தான் ஏற்றுவார்கள். முன்பாரம் மிஞ்சினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும், பின்பாரம் மிஞ்சினால் நுகம் மேலே தூக்கும். டிரெய்லருக்கும் அதே கணக்குதான். பந்தின் மேல் இறங்கும் முன்பாரம், டிரெய்லரின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருக்க வேண்டும். அமெரிக்காவில் 10 முதல் 15 சதவீதம் என்பார்கள், ஐரோப்பாவில் அதைவிடக் குறைவாகச் சொல்வார்கள். நம்முடைய 260 கிலோ டிரெய்லருக்கு 25 முதல் 30 கிலோ சரியாக இருக்கும். குளியலறை எடைமானி ஒன்றை எடுத்து, பந்தின் உயரத்துக்கு ஒரு கட்டையை நிறுத்தி, கப்ளரை அதன் மேல் வைத்துப் பார்த்தால் போதும். சரக்கை எல்லாம் ஏற்றிய பிறகு பாருங்கள், காலி டிரெய்லரில் பார்த்துப் பயனில்லை.

ஏன் இலேசான காருக்கு 15 சதவீதத்தை நான் சொல்லவில்லை? பந்து, பின் அச்சுக்குப் பின்னால் 75 சென்டிமீட்டரில் இருக்கிறது, வீல்பேஸ் 2.3 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எலீஸின் வீல்பேஸ் அதுதான். பந்தின் மேல் 30 கிலோ இறங்கினால் முன் அச்சிலிருந்து 10 கிலோ குறைந்து, பின் அச்சில் 40 கிலோ ஏறும். இருக்கைக்குப் பின்னால் எஞ்சின் உள்ள காரில் முன் அச்சு ஏற்கெனவே இலேசு. 30 கிலோவை அது தாங்கிக்கொள்ளும்; 60 கிலோ என்றால் ஸ்டீயரிங் இலேசாவது கையிலேயே தெரியும், மழையில் முன் டயர்கள் தண்ணீர் மேல் மிதக்கும் வேகமும் குறையும். அதே நேரத்தில் முன்பாரத்தை 10 கிலோவுக்குக் குறைத்துவிட்டால் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும்.

அந்த ஆட்டம் எப்படி வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். பக்கக் காற்றோ, கடந்து போகும் லாரியோ டிரெய்லரை ஒரு பக்கம் தள்ளுகிறது. அது திரும்பி வரும்போது பந்தின் வழியாகக் காரின் பின்புறத்தைத் தள்ளுகிறது. கார் சிறிது திரும்புகிறது, அந்தத் திருப்பம் டிரெய்லரை மறுபக்கம் இழுக்கிறது. குறைந்த வேகத்தில் டயர்களின் பிடி இந்த ஆட்டத்தை இரண்டு மூன்று ஊசலில் அடக்கிவிடும். வேகம் கூடக் கூட அந்த அடக்கும் சக்தி குறைந்துகொண்டே வந்து, ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் ஒவ்வொரு ஊசலும் முந்தியதைவிடப் பெரிதாகும். அந்த எல்லை வேகம் எங்கே இருக்கிறது என்பதைத் தீர்மானிப்பவை: காரின் எடை, வீல்பேஸ், பின் அச்சிலிருந்து பந்து வரை உள்ள தூரம், டிராபாரின் நீளம், டிரெய்லரில் சரக்கு பரவியிருக்கும் விதம். எடையிலும் வீல்பேஸிலும் நம் கார் ஆரம்பத்திலேயே பின்தங்கிவிடுகிறது. அதனால் மீதி மூன்றையும் நமக்குச் சாதகமாக்கியே ஆக வேண்டும்.

பந்தைப் பம்பருக்கு எவ்வளவு நெருக்கமாக வைக்க முடியுமோ அவ்வளவு நெருக்கமாக வையுங்கள். டிராபார் நீளமாக இருக்கட்டும். பந்திலிருந்து, சரக்கு வைக்கும் தட்டின் முன்விளிம்பு வரை உள்ள தூரம் காரின் பாதி அகலத்தைவிடக் கூடுதலாக இருந்தால் இன்னொரு நன்மையும் உண்டு: பின்னால் எடுக்கும்போது டிரெய்லர் மடிந்தாலும் அதன் மூலை காரின் பின்புறத்தைக் குத்தாது. ஃபைபர் உடல் கொண்ட கார்களில் அந்த மூலை உடைக்கும் பாகம் சின்னதாக இருக்காது. பின்பக்கம் முழுவதும் ஒரே துண்டாக வார்த்திருப்பார்கள். அப்புறம், சரக்கு. கனமானதெல்லாம் அச்சுக்கு மேலேயும் அதற்குச் சற்று முன்னேயும் நெருங்கி இருக்க வேண்டும். முன்கோடியில் சக்கரங்களையும் பின்கோடியில் ஜாக்கியையும் வைத்து முன்பாரத்தைச் சரியாகக் கொண்டுவந்துவிடலாம், எடைமானியும் சரி என்றே காட்டும். ஆனால் இரண்டு கோடியிலும் கனம் இருக்கிற டிரெய்லர் ஒருமுறை ஆடத் தொடங்கினால் நிற்காது. அச்சிலிருந்து இரண்டு மடங்கு தூரத்தில் வைத்த பொருள், திரும்பும் அசைவுக்கு நான்கு மடங்கு முரண்டு பிடிக்கும். சரக்கை வைக்கும் இடம் ஒருமுறை சரியாக அமைந்துவிட்டால் தட்டில் பெயிண்டால் குறி போட்டு வையுங்கள். திரும்பி வரும்போது களைப்பில் கண்ட இடத்தில் தூக்கிப் போடத் தோன்றும்.

ஓடும்போது ஆட்டம் வந்தால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து மெல்லக் காலை எடுங்கள், ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள், அவ்வளவுதான். டிராக்கில் ஓட்டிப் பழகியவர்களுக்கு இது கடினம். வால் ஒதுங்கினால் உடனே எதிர்ப்பக்கம் திருப்பும் பழக்கம் கையில் ஊறியிருக்கும். இங்கே அது ஆட்டத்தைப் பெரிதாக்கும். ஊசல் போகும் தாளத்துக்குக் கை எப்போதும் சற்றுப் பிந்தித்தான் போய்ச் சேரும். வேகத்தைக் கூட்டி டிரெய்லரை நேராக்கலாம் என்று சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். பிரேக்கையும் ஓங்கி மிதிக்காதீர்கள், பிரேக் இல்லாத டிரெய்லர் முன்னே தள்ளி நிலைமையை மோசமாக்கும். நின்ற பிறகு சரக்கை மாற்றி வைத்துவிட்டுக் கிளம்புங்கள். அந்தப் பயணம் முழுவதும் முந்திய வேகத்தைத் தொடாதீர்கள்.

காரைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். டிராக்கில் கார் சுறுசுறுப்பாகத் திரும்புவதற்காகப் பின் ஆன்டி ரோல் பாரை (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி) இறுக்கி வைத்திருப்பீர்கள். சாலைப் பயணத்துக்கு அதை மிக மென்மையான நிலைக்கு மாற்றுங்கள். பின் சக்கரங்களுக்குச் சற்று டோ இன் (சக்கரங்களின் முன்பக்கம் உள்நோக்கித் திரும்பியிருப்பது) இருக்கட்டும். முன்பாரம் ஏறியதும் காரின் பின்புறம் தாழும், சஸ்பென்ஷன் அமைப்பைப் பொறுத்துச் சக்கரக் கோணங்களும் மாறும். கோணங்களை அளக்கும்போது அந்த எடையைப் பின்னால் வைத்தே அளப்பது நல்லது. பந்தய பிரேக் பேட்கள் சூடேறினால்தான் பிடிக்கும். நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் பிரேக் தொடாமல் வந்து திடீரென்று மிதித்தால், குளிர்ந்த பேடோடும் தள்ளும் டிரெய்லரோடும் நிற்க வேண்டியிருக்கும். சாலைக்கும் தடத்துக்கும் பொதுவான பேட் போடுங்கள், இல்லாவிட்டால் தடத்தில் போய் மாற்றிக்கொள்ளுங்கள். தேய்ந்த செமி ஸ்லிக்கை மாட்டிக்கொண்டு, சாலை டயரை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு மழையில் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. இந்த டிரெய்லரே அதைத் தவிர்ப்பதற்காகத்தான்.

டிரெய்லர் வாங்கும்போது சக்கர அளவைப் பாருங்கள். மலிவான டிரெய்லர்களில் 8 அங்குலச் சக்கரம் இருக்கும். மணிக்கு 100 கிலோமீட்டரில் அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,300 சுற்று சுற்றும், 12 அங்குலச் சக்கரம் 1,050 சுற்றுக்குப் பக்கத்தில் நிற்கும். பேரிங்குக்கும் டயருக்கும் அது பெரிய வித்தியாசம். குழியில் இறங்கும்போதும் பெரிய சக்கரம் அதிராது. நீண்ட தூரம் போகிறவர்கள் 12 அல்லது 13 அங்குலம் உள்ளதை எடுங்கள். கிளம்பி அரை மணி நேரத்தில் ஒருமுறை நிறுத்தி ஹப்பைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி, கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங் இறுகியிருக்கிறது அல்லது கிரீஸ் போய்விட்டது. அதே நிறுத்தத்தில் வீல் நட்டுகளையும் ஒருமுறை முறுக்கிப் பாருங்கள்.

அரை டன் தாங்கும், எஃகுப் பட்டைகளை அடுக்கிய லீஃப் ஸ்பிரிங் போட்ட டிரெய்லரில் 150 கிலோ ஏற்றினால் ஸ்பிரிங் அசையவே அசையாது. டிரெய்லர் சாலையில் குதித்துக் குதித்து வரும், குதிக்கும் நேரத்தில் டயருக்குப் பிடி கிடையாது. ஒரு பட்டையைக் கழற்றி எடுப்பது உண்டு. அதற்குப் பிறகு அந்த டிரெய்லரில் முழுப் பாரம் ஏற்றக் கூடாது என்பதை நினைவில் வைக்க வேண்டும். டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் உச்சக் காற்றழுத்தம் உச்சப் பாரத்துக்கானது. இலேசான பாரத்துக்கு அதைவிடக் குறைக்கலாம், டயர் சப்பிப்போகும் அளவுக்கு அல்ல. தட்டு தரைக்கு இணையாக, அல்லது மூக்கு ஒரு நூல் தாழ்ந்து நிற்க வேண்டும். இந்தக் கார்கள் தாழ்வானவை என்பதால் பந்தும் தாழ்வாகவே வரும். டிராபார் வேகத்தடையில் இடிக்காதா என்று பாருங்கள். சரக்கின் உயரம் காரின் கூரைக்குக் கீழே இருந்தால் காற்று பெரிதாகத் தடுக்காது.

ஒயரிங்கில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். டிரெய்லர் விளக்குகளைக் காரின் விளக்கு ஒயரில் நேரடியாக ஒட்டுப் போடாதீர்கள். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்துத் தனி ஒயர் இழுத்து, காரின் விளக்கு ஒயர்கள் ரிலேயை (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) மட்டும் இயக்கும்படி செய்யுங்கள். எல்ஈடி விளக்கு போட்டால் மின்சாரமும் குறைவு, அதிர்விலும் சீக்கிரம் போகாது.

பின்னால் எடுப்பது தொல்லைதான். தாழ்வான இருக்கையிலிருந்து காலி டிரெய்லர் கண்ணாடியில் தெரியவே தெரியாது. இரண்டு பின்மூலைகளிலும் கொடிக்கம்பி நட்டுக்கொள்ளுங்கள். இடம் நெருக்கமாக இருந்தால் கழற்றிக் கையால் தள்ளிவிடுவது எவ்வளவோ மேல். ஒற்றைச் சக்கர டிரெய்லரும் உண்டு. காரில் இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்வதால் பக்கவாட்டில் ஆடாது, பின்னால் எடுப்பதும் சுலபம். ஆனால் அதன் பக்க விசை முழுவதையும் காரின் பின்புறமே தாங்க வேண்டும். அதனால் நான்கு சக்கரமும் ஜாக்கியும் ஏற்ற அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

முதல் ஓட்டத்தைத் தட நாளன்று வைத்துக்கொள்ளாதீர்கள். முந்திய வாரமே முழுச் சரக்கோடு, வண்டிகள் குறைவாக உள்ள சாலையில், காற்று இல்லாத நாளில் ஓட்டிப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டரில் தொடங்கி, ஒவ்வொரு வேகத்திலும் ஸ்டீயரிங்கை ஒரு விரல் அளவு தட்டிவிட்டு டிரெய்லர் எத்தனை ஊசலில் அடங்குகிறது என்று கவனியுங்கள். அடங்க நேரம் பிடிக்கத் தொடங்கும் வேகத்துக்கு நன்றாகக் கீழேதான் உங்கள் பயண வேகம் இருக்க வேண்டும். சட்டம் அதற்கு மேல் அனுமதித்தாலும் சரி.

இன்னொன்றையும் கிளம்புவதற்கு முன்பே யோசித்து வையுங்கள். தடத்தில் கார் கெட்டுப்போனாலோ மோதினாலோ, காரும் டிரெய்லரும் இரண்டுமே அங்கே நின்றுவிடும். மீட்பு வண்டிச் சேவை எடுத்திருந்தால் அது டிரெய்லரையும் சேர்த்து ஏற்றிக்கொள்ளுமா என்று இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பல சேவைகளில் டிரெய்லருக்குத் தனி நிபந்தனை இருக்கும்.